பல்லாவரத்துப் பல்லவன்

தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறிக் கடற்கரை நோக்கிச் செல்லும் நம் மாணவர்கள், சானடோரியமும் குரோம்பேட்டையும் கடந்ததும் பல்லாவரம் வருவதை நன்கறிவர். அவ்வூரைப் பற்றிக் கேட்டால் வெள்ளிக்கிழமைச் சந்தையைச் சொல்வர்; விமானங்கள் தலையை உரசுவதுபோல் இறங்குவதைச் சொல்வர். பல்லவபுரம் என்ற பெயரே பல்லாவரம் என மருவிற்று என்பது அறிஞர் கருத்து. எந்தப் பல்லவன் என்று கேட்டால் விடை சொல்வோர் மிகச் சிலர். நானும் பல ஆண்டுகள் அவ்வூரைக் கடந்து போனவனே தவிர, கேட்டவன் அல்லன்.

விடை அவ்வூர்க் குன்றிலேயே இருக்கிறது. பாறையைக் குடைந்து, பின்சுவரில் ஐந்து கருவறைகள் அமைத்து, தூண்களின் மேலுள்ள உத்தரத்தில் தன் பட்டப்பெயர்களை வரிசையாக வெட்டச் செய்தான் ஓர் அரசன். அவனே முதலாம் மகேந்திரவர்மன். ஏறத்தாழக் கி.பி. 590 முதல் 630 வரை காஞ்சியிலிருந்து தொண்டை மண்டலத்தை ஆண்டவன்.

மகேந்திரனின் தந்தை சிம்மவிஷ்ணு. களப்பிரர் காலத்தின் குழப்பத்துக்குப் பின் பல்லவ அரசைக் காவிரிக் கரை வரை பரப்பியவன் அவன் என்று பிற்காலச் செப்பேடுகள் பேசுகின்றன. ஆகவே மகன் அரியணை ஏறியபோது அவனுக்குக் கிடைத்தது சிதைந்த நாடு அன்று. வடக்கே கிருஷ்ணையாற்றுப் பக்கத்திலிருந்து தெற்கே காவிரி வரை விரிந்த நாடு. அத்தகைய செல்வச் செழிப்பில் பிறந்தவர் பலர் வாளோடு நின்றுவிடுவர். இவனோ எழுதுகோலையும் தொட்டான், உளியையும் ஏவினான், இசையையும் ஆராய்ந்தான் என்பர். குடுமியான்மலையில் பாறைமேல் வெட்டப்பட்டுள்ள இசைக் கல்வெட்டு அவனுடையது என நெடுநாள் சொல்லப்பட்டு வந்தது. பின்வந்த ஆய்வாளர் சிலர் அதை ஏற்கவில்லை. அது எப்படியாயினும் ஆகுக.

ஐயத்துக்கு இடமின்றி அவனுடையது ஒன்று உண்டு. அது மத்தவிலாசப் பிரகசனம் என்னும் வடமொழி அங்கத நாடகம். கதை நடப்பது காஞ்சிமாநகரில். குடித்து மயங்கிய காபாலிகத் துறவி ஒருவனும் அவன் துணைவியும் தெருவில் தள்ளாடி வருகிறார்கள். அவனிடமிருந்த மண்டையோட்டுப் பிச்சைப் பாத்திரம் காணாமற் போகிறது. அதில் இறைச்சி இருந்தது. ஆகவே எடுத்தது நாயாக இருக்க வேண்டும், அல்லது புத்த பிக்குவாக இருக்க வேண்டும் என்று அவன் முடிவு கட்டுகிறான்! அவ்வழியே வந்த நாகசேனன் என்னும் பிக்குவோ, புத்தர் இத்தனை வசதிகளை அனுமதித்தவர் மதுவையும் மங்கையரையும் மட்டும் ஏன் விலக்கியிருப்பார், பொறாமை கொண்ட முதியோர் யாரோ ஏட்டிலிருந்து நீக்கியிருக்க வேண்டும் என எண்ணியபடி வருகிறான். இருவரும் மோதிக்கொள்ள, பாசுபதன் ஒருவன் நடுவனாக வருகிறான். வழக்குமன்றத்துக்குப் போகலாம் என்ற பேச்சு எழுகிறபோது, விகாரைச் செல்வம் படைத்த பிக்கு அதிகாரிகளின் வாயை நிரப்பிவிடுவான், நம் கதி என்னாவது என்கிறாள் காபாலிகனின் துணைவி. கடைசியில் பித்தன் ஒருவன், நாயிடமிருந்து பறித்த அதே மண்டையோட்டுடன் மேடையில் நுழைகிறான்.

நாட்டை ஆளும் மன்னன், தன் தலைநகரத்து நீதிமன்றத்தில் கையூட்டு நடமாடுவதைத் தன் நாடகத்திலேயே எழுதி அரங்கேற்றுகிறான் என்பதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இக்காலத்தில்கூட எத்தனை பேர் அதற்குத் துணிவர்? அந்நாடகத்தைக் கேரளத்துச் சாக்கியர்கள் கூடியாட்ட மரபில் பல நூற்றாண்டுகள் காத்து வந்தனர். 1917-இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் அதை அச்சேற்றினார். மன்னன் பிறந்த மண்ணில் அந்நாடகத்தை அறிந்தோர் அருகிவிட்டிருந்த காலம் அது.

இனி அவன் கற்பணியைக் காண்போம். விழுப்புரம் பகுதியிலுள்ள மண்டகப்பட்டில் ஒரு குடைவரை உண்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்புச் சாந்தும் இல்லாமல் பிரமனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் இக்கோயிலை எடுத்தான் என்பது அங்குள்ள வடமொழிக் கல்வெட்டின் செய்தி. இதில் என்ன பெருமை என்று தோன்றலாம். அக்காலத் தமிழகத்தில் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலுமே ஆனவை. கல் இறந்தோர்க்கு உரியது. போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நடுவது வழக்கம். சாவோடு தொடர்புடைய பொருளில் கடவுளுக்கு வீடு கட்டத் தயங்கினர் என அறிஞர் சிலர் விளக்குவர். அத்தயக்கத்தை உடைத்தவன் மகேந்திரன். விசித்திரசித்தன், அதாவது புதுமையில் நாட்டம் கொண்ட உள்ளத்தான் என்ற பெயர் அவனுக்கு வெறும் அலங்காரம் அன்று.

மண்டகப்பட்டுக்குப் பின் மாமண்டூர், குரங்கணில்முட்டம், தளவானூர், சீயமங்கலம் எனக் குடைவரைகள் எழுந்தன. மகேந்திரவாடியில் ஓர் ஏரி வெட்டி அதற்குத் தன் பெயரிட்டு, அதன் கரையில் தனித்து நின்ற பாறையில் திருமாலுக்குக் கோயில் குடைந்தான். நமக்கு அருகே செங்கற்பட்டை அடுத்த வல்லத்தில் உள்ளது, அவனுக்கு அடங்கிய வயந்தப்பிரி அரைசரின் மகன் கந்தசேனன் செய்வித்தது. அங்குள்ள கல்வெட்டு நல்ல தமிழிலேயே மன்னனைப் பகாப்பிடுகு என்றும் குணபரன் என்றும் அழைக்கிறது. திருச்சிராப்பள்ளி மலையில் உள்ளதோ கவிதை நயம் மிக்கது. ஆறுகளில் விருப்பமுள்ள சிவபெருமான் காவிரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என அஞ்சிய மலைமகள், இவள் பல்லவனின் காதலி எனச் சொல்லிக்கொண்டு அம்மலையிலேயே தங்கிவிட்டாளாம்.

பல்லாவரத்துக்குத் திரும்புவோம். அவ்வூர்ப் பாறை இளகிய பாறை அன்று. பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் உள்ள அக்கருங்கல்லின் இனத்துக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைமேல் பதித்த கல் இவ்வினத்தது என்று கண்டு, 1893-இல் புவியியலார் ஹாலந்து இட்ட பெயர் அது. அதே பல்லாவரத்தில் 1863 மே 30-ஆம் நாள் இராபர்ட் புரூஸ் பூட் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார்; இந்தியாவில் கற்கால மனிதனைப் பற்றிய ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கிற்று. கல்லைக் கையில் எடுத்த முதல் மனிதர்களும், கல்லைக் கோயிலாக்கிய முதல் மன்னர்களுள் ஒருவனும் ஒரே ஊரில் தடம் விட்டிருக்கின்றனர். நம் புறநகருக்கு இதைவிட வேறென்ன முகவரி வேண்டும்?

உத்தரத்தில் உள்ள பெயர்களில் வடமொழிச் சொற்களோடு தெலுங்குச் சாயல் கொண்டவையும் கலந்திருக்கின்றன. அவன் தாங்கிய பட்டங்கள் பல: மத்தவிலாசன், குணபரன், சத்துருமல்லன், லளிதாங்குரன், சித்திரகாரப்புலி. ஓவியருள் புலி என்று தன்னை அழைத்துக்கொண்டவனுக்குப் பணிவு மிகுதி என்று சொல்ல மாட்டேன். ஆயினும் போர் வெற்றியைக் குறிக்கும் பட்டங்களினும் கலையைக் குறிக்கும் பட்டங்களில் அவன் மகிழ்ந்தான் என்றே தோன்றுகிறது.

போர் அவனுக்கு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. வாதாபிச் சளுக்கியன் இரண்டாம் புலிகேசி வடக்கிலிருந்து படையெடுத்து வந்தான். வேங்கி நாடு பல்லவர் கையைவிட்டுப் போயிற்று; புலிகேசியின் தம்பி அங்கே ஆளலானான். பல்லவர் தலைவன் படையின் புழுதியால் ஒளி மழுங்கிக் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்பது 634-ஆம் ஆண்டு ஐஹோளேக் கல்வெட்டின் கூற்று. எதிரியின் அவைக்களப் புலவன் எழுதியது அது, அப்படித்தான் எழுதுவான். பல்லவர் தரப்புக் காசாக்குடிச் செப்பேடோ, காஞ்சியை அடுத்த புள்ளலூரில் மகேந்திரன் தன் முதன்மையான பகைவரை அழித்தான் என்கிறது. பகைவர் பெயரை மட்டும் சொல்லவில்லை. காஞ்சி விழவில்லை, வேங்கி மீளவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது ஒருவாறு விளங்கும். 642-ஐ ஒட்டி மகன் நரசிம்மவர்மன் வாதாபியைக் கொண்டு பழிதீர்த்ததைக் காண மகேந்திரன் இல்லை.

சமயத்தில் அவன் வாழ்வு மேலும் சிக்கலானது. பல்லாவரத்துக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடினார். சமணச் சார்புடைய பல்லவ மன்னன் நாவுக்கரசரை நீற்றறையில் இட்டதும், நஞ்சூட்டியதும், யானையை ஏவியதும், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்ததும், பின் மனம் மாறிச் சைவனாகிப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்ததும் அதில் உள்ளன. மகேந்திரன் என்ற பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. குணபரன் என்ற பெயரைக் கொண்டே வரலாற்றாசிரியர் அம்மன்னனை இவனாகக் கொள்கின்றனர். திருச்சிக் கல்வெட்டில் அவன் வேற்றுநெறியிலிருந்து திரும்பியதைக் குறிப்பதாகக் கொள்ளும் தொடர் ஒன்றும் உண்டு. மதம் மாறினான் என்பதை ஏற்கலாம். கொடுமைகள் அனைத்தையும் ஐந்நூறு ஆண்டுக்குப் பிந்திய ஒரு காப்பியத்தைக் கொண்டு அவன்மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. அதற்காக அவனைக் குற்றமற்ற கலைஞனாக்கி மாலையிடவும் துணியவில்லை.

அரண்மனைக்கு வெளியே அவன் காலத்து மக்கள் எப்படி இருந்தனர்? திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் அவனது முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்தது. அவனருகே நாய் ஒன்றும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்ளர் இருவரைக் கடித்துத் தலைவனைக் காத்து நின்றதாம். மன்னனின் நாடகத்தில் நாய் மண்டையோட்டைத் திருடுகிறது. அவன் குடிகள் நட்ட கல்லில் நாய் பெயரோடு நிற்கிறது. மன்னன் இவ்வளவு ஆண்டுகள் ஆண்டான் என்பதற்கு அந்நாயின் கல்லும் ஒரு சான்று.

மகேந்திரன் காஞ்சியில் ஆண்ட அதே காலத்தில், கடல்கடந்த இங்கிலாந்தில் கென்ட் நாட்டை எத்தல்பெர்ட் என்னும் ஆங்கிலோ-சாக்சன் மன்னன் ஆண்டான். அவனும் வாழ்வின் நடுவில் சமயம் மாறியவன். 597-இல் ரோமிலிருந்து வந்த அகஸ்தீன் அவனைக் கிறித்தவனாக்கினார். ஆங்கில மொழியின் மிகப் பழைய சட்டத் தொகுதி அவனுடையது. அவன் தலைநகராகிய கான்டர்பரியில் 2006-இல் அவனுக்கும் அரசி பெர்த்தாவுக்கும் சிலை வைத்தார்கள். அரசி வழிபட்ட மார்ட்டின் தேவாலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது; அவ்வூரார் அதைப் பெருமையோடு காட்டுகின்றனர்.

நாமும் பல்லவனை மறந்துவிடவில்லை. 1972-இல் சென்னையின் பேருந்துகளுக்கு அவன் குலப்பெயரே சூட்டப்பட்டது. 1997-இல் கழகத்தின் பெயர் மாறிய பின்னும் அண்ணா சாலையில் பல்லவன் இல்லம் இருக்கிறது. காரைக்குடி செல்லும் பல்லவன் விரைவு வண்டி பல்லாவரத்தின் வழியாகவே ஓடுகிறது. 2021-இல் பல்லாவரம் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. பெயர் ஓடுகிறது, பெயருக்கு உரியவன் வெட்டுவித்த கோயிலுக்கு வழி கேட்பவர் குறைவு.

ஆனால் அக்கோயில் பாழடைந்து கிடக்கவில்லை. பின்னாளில் அது இசுலாமியர் தொழும் தர்காவாயிற்று. கவனிப்பாரற்ற குடைவரைகளில் வௌவால் குடியேறுவதையும், கல்லுடைப்போர் குன்றையே தின்றுவிடுவதையும் நம் பகுதியில் கண்டிருக்கிறோம். பல்லாவரத்துக் குகையோ மக்கள் கால்பட்ட இடமாகவே இருந்து வந்திருக்கிறது. சிவனுக்கும் திருமாலுக்கும் பிரமனுக்கும் ஒரே பாறையில் இடம் தந்த மன்னன் இதற்கு முகம் சுளித்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. நோய் தீர வேண்டியும் பிள்ளைவரம் வேண்டியும் தர்காக்களுக்கு வருவோர் எழுத்தாராய்ச்சிக்கு வருவோர் அல்லர். அவர்கள் குனிந்து வேண்டி நிற்கையில், தலைக்கு மேலே உத்தரத்தில் மகேந்திரனின் பெயர்கள் பல்லவ எழுத்தில் இருக்கின்றன.