சுதேசாபிமானி கண்ட வக்கம் மௌலவி

இன்றைய குமரி மாவட்டமும் உள்ளடங்கியிருந்த திருவிதாங்கூர் மன்னராட்சியில், தம் பொருளைக் கொட்டி அச்சகம் நிறுவி, எழுதும் உரிமையை முழுவதும் ஆசிரியரிடமே விட்டுவைத்த பெருந்தகை வக்கம் அப்துல் காதிர் மௌலவி. அன்னாரின் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

1873ஆம் ஆண்டு, வக்கம் என்னும் சிற்றூரில் வணிகக் குடும்பத்தில் பிறந்தார். அரபி, பாரசீகம், உருது, சமஸ்கிருதம் ஆகியவற்றோடு நம் தமிழையும் அறிந்தவர். எகிப்திலிருந்து ரஷீத் ரிளா நடத்திய ‘அல்மனார்’ இதழ் அவர் சிந்தையை மிகவும் கவர்ந்தது. செய்தித்தாளின் ஆற்றலை அவர் உணர்ந்தது அங்கேதான் என நாம் கருதுகிறோம்.

1905 சனவரி 19 அன்று ‘சுதேசாபிமானி’ வெளிவந்தது. அச்சுப்பொறி இங்கிலாந்திலிருந்து வந்தது; ராய்ட்டர் நிறுவனத்தின் செய்திகளும் வரவழைக்கப்பட்டன. இதழ் தோன்றிய அஞ்சுதெங்கு, ஆங்கிலேயர் வசமிருந்த கடற்கரை ஊர். மன்னரின் ஆணை அங்குச் செல்லாது. 1906இல் கே. இராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியரானார். 1907இல் அச்சகமே திருவனந்தபுரத்திற்கு, திவானின் கண்ணெதிரே குடிபெயர்ந்தது! துணிவு என்பதா, நம்பிக்கை என்பதா?

பிள்ளையவர்களின் எழுதுகோல் அதிகாரிகளின் ஊழலையும் அரண்மனை ஊதாரித்தனத்தையும் திவான் பி. இராசகோபாலாச்சாரியின் ஆட்சியையும் விட்டுவைக்கவில்லை. முதலீடு முழுதும் மௌலவியுடையது. இடர் வரின் இழப்பும் அவருடையதே. எனினும் ஆசிரியரின் எழுத்தில் அவர் குறுக்கிட்டாரில்லை. பத்திரிகை உரிமையாளரிடம் இத்தகைய பண்பு அன்றும் அரிது, இன்றும் அரிது.

1910 செப்டம்பர் 26 அன்று மன்னரின் ஆணை பிறந்தது. வழக்கில்லை, விசாரணையில்லை. அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் கைதாகி, நாடு கடத்தப்பட்டு, நம் திருநெல்வேலிக்குக் கொண்டுவரப்பட்டார். பின்னர்ப் பல ஊர்களில் வாழ்ந்து, 1916இல் கண்ணூரில், நாற்பது வயதையும் எட்டாமல் காலமானார்.

அச்சகத்தைத் திருப்பித் தருமாறு அரசிடம் வேண்டலாம் என்று சிலர் மௌலவிக்கு எடுத்துரைத்தனர். ஆசிரியர் இல்லாத அச்சகம் தமக்கெதற்கு என அவர் மறுத்துவிட்டதாகக் கூறுவர். பெருஞ்செல்வம் கரைந்தது. ஆயினும் எழுத்துப் பணி ஓயவில்லை. 1906இல் ‘முஸ்லிம்’ இதழைத் தொடங்கியிருந்த அவர், 1918இல் ‘அல் இஸ்லாம்’ இதழை நடத்தினார். அது நம் அரபுத்தமிழ் போன்ற அரபு மலையாளத்தில் அச்சானது. பெண்கல்வியை வலியுறுத்தினார், வரதட்சணையைக் கண்டித்தார். சமுதாயத்திற்குள்ளேயே எதிர்ப்பும் கிளம்பியது. அதையும் தாங்கினார். 1931இல் ‘தீபிகா’வைத் தொடங்கினார்.

சுதேசாபிமானி என்னும் பெயர் இன்று ஆசிரியர் இராமகிருஷ்ண பிள்ளையின் அடைமொழியாகவே நிலைத்துவிட்டது. உரிமையாளரை அறிந்தோர் தமிழகத்தில் மிகச் சிலரே. மௌலவி 1932இல் மறைந்தார். பறிக்கப்பட்ட அச்சுப்பொறியைக் கேரள அரசு 1968இல் அவர்தம் குடும்பத்தாரிடம் திரும்ப ஒப்படைத்தது. அவர் மறைந்து அப்போது முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.