கங்கையைப் பார்க்காத கங்கைகொண்டான்

போன செமஸ்டர் முழுக்க எங்க ஹாஸ்டல் ரூம்ல ஒரே பேச்சு, மோட்டார்ஹோம். படுக்கை, அடுப்பு எல்லாத்தையும் ஒரு வண்டியில ஏத்திக்கிட்டு லடாக் மலை, ராஜஸ்தான் பாலைவனம்னு ஒரு மாசம் சுத்தணும். வாடகையைப் பார்த்ததும் பிளான் ரீல்ஸோட நின்னுடுச்சு. அதுவரைக்கும் நாங்க அதிகமா சண்டை போட்டது எதுக்குத் தெரியுமா? தண்ணி டேங்குக்கு. எத்தனை லிட்டர் ஏத்தறது, எங்க நிரப்பறது?

நான் ஜெயங்கொண்டம் பக்கத்துப் பையன். தண்ணியைச் சுமந்துக்கிட்டு ரொம்ப தூரம் வந்த ஒரு பயணம்தான் எங்க ஏரியாவோட கதையே. அந்தப் பயணத்தை அனுப்பி வச்சவர் முதலாம் ராஜேந்திர சோழன்.

அப்பா ராஜராஜன் உயிரோட இருக்கும்போதே, 1012ல் இணை அரசர் ஆனார். 1014ல் முழு அரசர். நீங்க ஸ்கூல்ல படிச்ச கடாரம் கடற்படையெடுப்பு 1025ல். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1022 வாக்கில், தரை வழியா வடக்கே ஒரு படையை அனுப்பினார். இலக்கு கங்கை. நேர்க்கோட்டில் அளந்தாலே 1,500 கி.மீ.க்கு மேல். மேப் கிடையாது, ரோடு கிடையாது. இன்றைய பஸ்தர் காடு, ஒடிசா, அப்புறம் வங்காளம். வழியில எத்தனை ஆறு! யானைகளை வரிசையா நிறுத்தி, அதையே பாலமாக்கி ஆறுகளைக் கடந்தாங்கன்னு திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லுது. புகழ்ந்து எழுதினதுதான், கொஞ்சம் கூடுதலாவே இருக்கலாம். ஆனா ஆறு கடக்கறது எவ்வளவு பெரிய தலைவலியா இருந்திருக்கும்னு புரியுது இல்லையா?

இப்போ ஒரு ஆச்சரியம். அதே செப்பேட்டின்படி கங்கை வரைக்கும் போனது தளபதி. ராஜேந்திரன் கோதாவரிக் கரையில அவரை எதிர்பார்த்து நின்னார். தோற்ற அரசர்கள் கங்கை நீரைச் சுமந்து வந்தாங்கன்னும் அதுல இருக்கு. ஆக, கங்கைகொண்டான்னு பேர் வாங்கினவர் கங்கையைப் பார்க்கவே இல்லை. நடந்து போய்த் திரும்பின ஆயிரக்கணக்கான வீரர்கள் பேர் ஒண்ணுகூட நமக்குத் தெரியாது. எங்க ஊர் பேரைச் சொல்லும்போதெல்லாம் இது எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

வந்த தண்ணியை அவர் என்ன செஞ்சார்? அங்கதான் எனக்கு அவரைப் பிடிக்கும். ஜெயிச்ச ராஜாக்கள் கல்லுல வெற்றித்தூண் நடுவாங்க. இவர் ஏரி வெட்டினார். சோழகங்கம்னு பேர். தண்ணியாலேயே ஒரு வெற்றித்தூண்னு செப்பேடு அதைக் கொண்டாடுது. தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு, ரெண்டு பக்கமிருந்தும் கால்வாய். கரை சுமார் 16 மைல்னு 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்லுது. சிவில் நண்பர்களே, லெவலிங் கருவி இல்லாம இதை யோசிச்சுப் பாருங்க. பக்கத்துலயே புதுத் தலைநகரம், பெரிய கோயில். சுமார் 250 வருஷம் சோழர்கள் அங்கிருந்துதான் ஆண்டாங்க.

ஆனா அவர் இறந்தது அந்தத் தலைநகரத்துல இல்ல. 1044ல், இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு பக்கம் பிரம்மதேசத்துல. அவரோட சேர்ந்து ராணி வீரமாதேவியும் உயிர் விட்டதா அங்குள்ள கோயில் கல்வெட்டு சொல்லுது. ராணியோட அண்ணனோ தம்பியோ, ஒரு படைத்தலைவர், அந்த ரெண்டு பேரோட தாகம் தீரணும்னு அங்கே ஒரு தண்ணீர்ப் பந்தல் வச்சார். கங்கையையே கொண்டு வந்தவருக்குக் கடைசியா உறவுக்காரர் செஞ்ச மரியாதை, வழிப்போக்கருக்கு ஒரு சொம்பு தண்ணி.

மாளிகைமேட்டுல இப்போ அரண்மனையோட செங்கல் அடித்தளம்தான் மிச்சம். கோயில் மதில் கல்லைக்கூட 1836ல் கொள்ளிடத்துல கீழணை கட்ட எடுத்துட்டுப் போயிட்டாங்க. சோழகங்கம் மட்டும் பொன்னேரிங்கிற பேர்ல, தூர்ந்து சுருங்கி, இன்னும் இருக்கு.

மோட்டார்ஹோம் கிடைக்குதோ இல்லையோ, அரியலூர்ப் பக்கம் வந்தா கோயிலோட திரும்பிடாதீங்க. அந்தக் கரை மேல கொஞ்ச தூரம் நடங்க. அதைப் போட்டவங்க பேரும் எந்தக் கல்லுலயும் இல்ல. கையில ஒரு தண்ணி பாட்டில் எடுத்துக்குங்க, வெயில் ஜாஸ்தி.