குளோட் பேர்னாட்: சிறுநீரக நரம்பைச் சோதித்தவர்

உயர்தர வகுப்பில் சிறுநீரகத்தின் தொழிற்பாட்டைப் படித்தபோது, அதற்குச் செல்லும் நரம்புகளுக்கு என்ன வேலை என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. அதற்கு விடை தேடியபோதுதான் குளோட் பேர்னாட் என்ற பிரெஞ்சு அறிஞரைப் பற்றி அறிந்துகொண்டேன்.

அவர் 1813 ஆம் ஆண்டு யூலை 12 ஆம் திகதி, பிரான்ஸின் சென் ஜூலியான் கிராமத்தில் திராட்சை பயிரிடும் குடும்பமொன்றில் பிறந்தார். லியோன் நகர மருந்துக்கடையில் வேலை பழகியவாறே நாடகம் எழுதினார். அதைத் தூக்கிக்கொண்டு பாரிஸுக்குப் போனவரை, வைத்தியம் படிக்குமாறு ஒரு விமர்சகர் திருப்பிவிட்டார். அங்கே மஜான்டி என்ற பேராசிரியரின் உதவியாளரானார்.

1859 இல் அவர் சிறுநீரகத்துக்குச் செல்லும் நரம்பை ஒரு பக்கத்தில் வெட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் சிறுநீர் அதிகமாக வெளியேறியது. நரம்பைத் தூண்டியபோது குறைந்தது. அதன் காரணம் இன்று தெளிவாகியுள்ளது. பரிவு நரம்புகள் சிறுநீரகக் குருதிக் கலன்களைச் சுருக்குகின்றன. சோடியத்தையும் நீரையும் மீள உறிஞ்சச் செய்கின்றன. ரெனினைச் சுரக்கத் தூண்டிக் குருதியமுக்கத்தை உயர்த்துகின்றன. நரம்புத் தொடர்பு அறுந்த நிலையில் மாற்றிப் பொருத்தப்படும் சிறுநீரகமும் வேலை செய்கிறது. ஆகவே, நரம்பு சிறுநீரகத்தை இயக்குவதில்லை. அதன் வேலையைக் கூட்டிக் குறைக்கிறது. உயர் குருதியமுக்கம் உள்ள சிலருக்கு இந்த நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சையும் இப்போது உண்டு.

இவ்வளவையும் படித்து வியந்த நான், அவருடைய வீட்டுக் கதையைப் படித்தபோது தயங்கி நின்றேன். மயக்க மருந்து வழக்கத்துக்கு வருமுன்பே உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆராயத் தொடங்கியவர் அவர். 1845 இல் மணமுடித்த மனைவியின் சீதனப் பணம் அந்த ஆய்வுகளுக்கு உதவியது. ஆனால் அந்த மனைவியே அவற்றை வெறுத்தார். இறுதியில் இருவரும் பிரிந்தனர். மகள்மாரும் தாயின் பக்கமே நின்றனர்.

1878 பெப்ரவரி 10 இல் அவர் காலமானபோது பிரான்ஸ் அரச மரியாதையுடன் அடக்கம் செய்தது.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் முடிவைச் சிறுவயதிலேயே ஹதீஸில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் அவரை முழுமனதோடு புகழ என்னால் முடியவில்லை. எனினும், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் குருதியமுக்க மாத்திரையைக் கையில் எடுக்கும்போது, அவருக்கு நாம் பட்டிருக்கும் கடனையும் மறுக்க முடியவில்லை. நாளை நானும் ஆய்வுகூடத்தில் நிற்க நேர்ந்தால், இந்த இரண்டையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.