புற்றுக்குள் தோட்டம் கண்டவர்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு)

அடைமழை தொடங்கிவிட்டால் எங்கள் முத்துப்பேட்டைப் பக்கத்துத் தோப்புகளில் கறையான் புற்றருகே வெண்குடை விரித்தாற்போல் காளான்கள் தலைகாட்டும். புற்றுக் காளான் என்று பறித்து வந்து குழம்பு வைப்போம். அது ஏன் புற்றைத் தேடி முளைக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே நம் தஞ்சைச் சீமையில் புற்றைத் திறந்து பார்த்தார் ஒரு மருத்துவர். அவரே யோகான் கெர்கார்டு கோனிக்.

இன்றைய லாட்வியா நாட்டுப் பகுதியில் 1728-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸிடம் தாவரவியல் பயின்றார். 1768-இல் டேனிஷ் மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் தேடி அலைந்தார்.

மற்றவர்கள் அழிக்க நினைத்த கறையானை அவர் ஆராய நினைத்தார். புற்றுக்குள் பஞ்சு போன்ற துளைகள் நிறைந்த கூடுகளையும், அவற்றின்மேல் படர்ந்த பூஞ்சையையும் கண்டார். அக்காலத்தில் புகைப்படக் கருவி ஏது? கண்ணால் கண்டதைப் பேனாவால் எழுதினார். 1779-இல் அக்கட்டுரை பெர்லினில் வெளியாயிற்று. கறையான்கள் சருகையும் மரத்தையும் மென்று கூடு கட்டி, அதில் பூஞ்சை வளர்த்து உண்கின்றன என்பதை இன்று அறிவோம். புற்றுக் காளான் அத்தோட்டத்திலிருந்து எழும் குடையே! அந்தக் காளான் இனத்திற்கு அறிவியல் பெயர் கிடைத்ததோ 1942-இல்தான்.

பின்னர் கோனிக் ஆர்க்காட்டு நவாபிடமும், 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் இயற்கை ஆய்வாளராகப் பணிபுரிந்தார். சயாம், மலாக்கா வரை சென்று வந்தார். ஆனால் தாம் கண்டவற்றையெல்லாம் ஒரு பெரிய நூலாக்க அவருக்கு ஆயுள் போதவில்லை. 1785 ஜூன் 26 அன்று, காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் வயிற்றுக்கடுப்பு நோயால் உயிர் நீத்தார். அவர் எழுதி வைத்த தாள்கள் லண்டனிலிருந்த ஜோசப் பாங்க்ஸ் என்பவரைச் சேர்ந்தன.

அவர் பெயர் மறைந்துவிட்டதா? இல்லை. நாம் நாள்தோறும் தாளிக்கும் கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் 'கோனிகி' என்று அவர் பெயரே நிற்கிறது. தட்டின் ஓரத்தில் அதை ஒதுக்கும்போதெல்லாம் எனக்கு இப்போது சற்றே வெட்கமாக இருக்கிறது.

தோழியரே! கடல் கடந்து வந்தவர் நம் வரப்பில் குனிந்து பார்த்தார். அங்கேயே பிறந்த நாம் நிமிர்ந்தே நடக்கலாமா? வரும் மழைக்காலத்தில் காளானைப் பறிக்குமுன் ஒரு கணம் உற்றுப் பார்ப்போம்!