திரும்பிப் போக வழியே இல்லை: ஸ்லெட்ஜை நம்பி கிரீன்லாந்தைக் கடந்த நான்சென்

துருவப் பயணம் போகிறவர்கள் இன்றும் ‘நான்சென் ஸ்லெட்ஜ்’ என்று ஒரு வண்டியைச் சொல்வார்கள். யார் இந்த நான்சென்?

1861இல் நார்வேயில் பிறந்த ஃப்ரிட்யோஃப் நான்சென் படித்தது விலங்கியல். பெர்கன் அருங்காட்சியகத்தில் நுண்ணோக்கியோடு உட்கார்ந்திருந்தவருக்கு, கிரீன்லாந்தின் பனிப்பரப்பை ஸ்கீ மாட்டிக்கொண்டு கடக்க ஆசை. அதற்கு முன் முயன்றவர்கள் ஊர்கள் இருக்கும் மேற்குக் கரையில் கிளம்பி, முடியாதபோது அங்கேயே திரும்பிவிட்டார்கள். நான்சென் திட்டமே வேறு. ஆளரவம் இல்லாத கிழக்கில் இறங்கி மேற்கே நடப்பது. தப்பாகப் போனால் திரும்பிப் போக ஊரே கிடையாது. பலரும் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றே நினைத்தார்கள்.

அதனால் சாமான் தேர்வில்தான் ஆறு பேரின் உயிரே இருந்தது. ஒடுக்கமான அடிக்கட்டை உள்ள ஸ்லெட்ஜ் புதுப்பனியில் புதைந்துவிடும். நான்சென் அதை ஸ்கீ மாதிரி அகலமாக்கினார், பாரம் பரவியது. ஆணி கிடையாது, ஆஷ் மரச் சட்டங்களைத் தோல்வாரால் கட்டினார்கள். மேடுபள்ளத்தில் விறைப்பான வண்டி உடையும், இது வளைந்துகொடுக்கும். எடை சுமார் 13 கிலோதான்!

காலுக்கும் ஒரே தீர்வு இல்லை. ஏற்றத்துக்கு வலை பின்னிய ஸ்னோஷூ, மேலே சமதளத்தில் ஸ்கீ, வழுக்கும் பனிக்கட்டிக்குப் பல் வைத்த கிராம்பான்.

1888 ஆகஸ்ட் 15இல் ஏறத் தொடங்கினார்கள். ஆளுக்குச் சுமார் 100 கிலோ இழுவை. 2,700 மீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 45 டிகிரி வரை போனது. அந்தக் குளிரில் பனி மணல் மாதிரி. நல்ல ஸ்லெட்ஜும் சறுக்காது. இறக்கத்தில் காற்று கைகொடுத்தது. ஸ்லெட்ஜ்களைச் சேர்த்துக் கட்டி, கூடாரத் துணியைப் பாயாக விரித்துவிட்டார்கள்.

சறுக்கியது சாப்பாட்டில். கொழுப்பு நீக்கிய இறைச்சியைக் கொண்டுபோனதால், வழியெல்லாம் கொழுப்புக்கு ஏங்கினார்கள். அக்டோபர் 3இல், இன்று நூக் எனப்படும் கோட்ஹாபை நான்சென் அடைந்தார். ஊர் திரும்பக் கப்பல் இல்லை. குளிர்காலம் அங்கேயே கழிந்தது.

1895இல் ஸ்கீயும் நாய் ஸ்லெட்ஜுமாக வடக்கே 86 டிகிரி 14 நிமிடம் வரை போனார், அதுவரை யாரும் எட்டாத இடம். பிறகு அகதிகளுக்கு ‘நான்சென் பாஸ்போர்ட்’ வாங்கித் தந்தார், 1922இல் அமைதி நோபல் பெற்றார். தானே தென்துருவம் போக நினைத்திருந்தும், தன் ‘ஃப்ராம்’ கப்பலை அமுண்ட்செனுக்கு விட்டுக்கொடுத்தார். 1911இல் அமுண்ட்சென் தென்துருவத்தை அடைந்தார். நான்சென் 1930இல் இறக்கும்வரை அங்கே போகவே இல்லை.