டோனாவூர் அம்மையார்

அந்நிய நாட்டார் நம் வீட்டுக் குறையை ஊரறியச் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் நியாயமா அநியாயமா என்பது, சொன்னவர் யார், சொல்லிவிட்டு என்ன செய்தார் என்பதைப் பொறுத்த விஷயம். மிஸ் மேயோ என்னும் அமெரிக்க மாது சில மாதங்கள் இத்தேசத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 1927-ல் நம்மை இழிவுபடுத்தி ஒரு புஸ்தகம் எழுதி வைத்துவிட்டுப் போனார். காந்தியடிகள் அதைச் சாக்கடை சோதிப்பவரின் அறிக்கைக்கு ஒப்பிட்டுத் தள்ளினார். ஆனால் அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1903-ல், தென்பாண்டி நாட்டைப் பற்றி அதே போன்ற கசப்பான சங்கதிகளைச் சொல்லும் வேறொரு புஸ்தகம் இங்கிலாந்தில் வெளியாயிற்று. அதை எழுதியவர் சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. இங்கேயே இருந்தார். 55 ஆண்டுகளுக்கு மேல், ஒரு தடவையேனும் தாய்நாடு திரும்பாமல் இருந்து, இம்மண்ணிலேயே அடங்கினார். அவர்தான் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

சுந்தரபாண்டியத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நின்று மேற்கே நோக்குபவர் காணும் மலைத்தொடரை வலக்கைப் புறமாக வைத்துக்கொண்டு, ராஜபாளையம், சிவகிரி, தென்காசி, களக்காடு என்று தெற்கே போனால், அம்மலையடியிலேயே டோனாவூர் இருக்கிறது. பெயர் தமிழ்ப் பெயரன்று. 1820-களில் ரேனியஸ் பாதிரியார் அங்கே கோயில் கட்டப் பணம் கொடுத்த டோனா என்னும் ஜெர்மானியப் பிரபுவின் பெயர் ஊர்ப்பெயராயிற்று. அம்மையார் வந்த காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலூகாவும் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. 1910-ல்தான் ராமநாதபுரம் ஜில்லா பிரிந்தது. சிவகாசி வட்டாரத்தில் ஊர் ஊராகக் கூடாரமடித்துத் திரிந்து 1858-ல் அங்கேயே உயிர்விட்ட ராக்லாண்டு பாதிரியாரின் சரித்திரத்தைப் பிற்காலத்தில் எழுதியவரும் இவ்வம்மையாரே. ஆகவே நம் பக்கத்து மக்களுக்கு அவர் முற்றிலும் வேற்றாள் அல்லர்.

அயர்லாந்தின் வடபாகத்தில், கடலோரமாகிய மில்லைல் என்னும் கிராமத்தில், 1867-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி அவர் பிறந்தார். மாவு ஆலை நடத்திய குடும்பம். ஏழு குழந்தைகளில் அவரே மூத்தவர். தந்தையார் 1885-ல் இறந்தார். பெல்பாஸ்ட் நகரத்து நூலாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்கப் பணமில்லாமல் சால்வையால் தலையை மூடிக்கொண்டு போவார்கள். கண்ணியமான கிறிஸ்தவக் குடும்பத்தார் தம் கோயிலில் அவர்களுக்குப் பக்கத்தில் உட்காரவும் கூசினர். அப்பெண்களுக்காகவே 1889-ல், ஐந்நூறு பேர் அமரக்கூடிய தகரக் கொட்டகை ஒன்றை ஏமி எழுப்பினார். அதற்காக அவர் யாரிடமும் கை நீட்டவில்லை. விவரம் அறிந்த ஒரு மாது பணம் கொடுத்தார். ஆலை முதலாளி ஒருவர் இடம் கொடுத்தார். உண்மையைச் சொல்வது, பணம் கேளாதிருப்பது என்னும் இவ்வழியையே அவர் கடைசிவரை கைக்கொண்டார்.

1893-ல் ஜப்பானுக்குப் போனார், உடம்பு இடங்கொடுக்கவில்லை. 1895-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெனானா மிஷன் என்னும் மாதர் சங்கத்தின் ஊழியராகப் பெங்களூர் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு வாக்கர் பாதிரியார் குடும்பத்துடன் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து தமிழ் கற்றார். புடவை உடுத்தி, தமிழ்ப் பெண்கள் சிலருடன் மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகச் சென்றார். அச்சிறு கூட்டத்தில் பொன்னம்மாள் என்னும் இளம் விதவையும் இருந்தார். அந்த வெள்ளைக்கார மாதின் கீர்த்தியில் பாதி இப்பொன்னம்மாளுக்குச் சேர வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். வெளிநாட்டில் எழுதப்படும் சரித்திரங்களில் அவருக்கு ஓர் அத்தியாயத்துக்கு மேல் கிடைப்பதில்லை.

1901-ம் ஆண்டு மார்ச் மாதம் நடந்ததே அம்மையாரின் வாழ்க்கையைத் திருப்பியது. பெருங்குளத்தில் கோயில் தாசிகளின் வீட்டில் விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அங்கிருந்து தப்பிப் பண்ணைவிளைக்கு ஓடிவந்தாள். முன்னொரு முறை அவள் தூத்துக்குடியிலிருந்த தாயிடம் ஓடியதும், தாயே அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டதும், அதற்குத் தண்டனையாகக் குழந்தையின் கைகளில் சூடு வைத்ததும் அப்போது தெரியவந்தன. தன்னைச் சாமிக்குக் கட்டிக் கொடுக்கப் போகிறார்கள் என்று அச்சிறுமி தன் பொம்மையைக் கொண்டே நடித்துக் காட்டினாளாம். அதுமுதல் ஊரூராய்ப் போய்ப் பிரசங்கம் செய்வது குறைந்தது. குழந்தைகளைத் தேடுவது பெருகிற்று. 1904-ல் பதினேழு குழந்தைகள். 1913-ல் நூற்றுமுப்பது பெண்கள். கைக்குழந்தைகளுக்காகத் திருவிதாங்கூரைச் சேர்ந்த நெய்யூரில், லண்டன் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அருகில், ஒரு விடுதி நடத்தினார்கள். அதன் பொறுப்பைப் பொன்னம்மாள் ஏற்றார். பால் மாறினாலே சாகும் சிசுக்களை இரவெல்லாம் விழித்திருந்து காத்தவர் அவரே. 1915-ல் புற்றுநோயால் இறந்தார்.

அம்மையாரின் 1903-ம் ஆண்டுப் புஸ்தகத்தை வாசித்த இங்கிலாந்துக் கிறிஸ்தவர்களில் பலர் அதை நம்பவில்லை. மிஷன் வெற்றிகளின் இனிய கதைகளைக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு அது நாராசமாயிருந்தது. இங்கிருந்த வெள்ளைப் பாதிரிமார் சிலருக்கும் அது பிடிக்கவில்லை. அவர் தளரவில்லை. 1909-ல் குழந்தைகளின் புகைப்படங்கள் நிறைந்த வேறொரு நூலை வெளியிட்டார். முகமறியாத ஒரு சிசுவின் படத்தைப் பார்த்த சீமைப் பெண்கள் கடல் கடந்து பணம் அனுப்பினார்கள். சிலர் வேலைக்குத் தாமே வந்தார்கள். இன்ன தொகை வேண்டுமென்று டோனாவூரிலிருந்து ஒரு விண்ணப்பமும் போனதில்லை. கடிதங்களும் புஸ்தகங்களுமே போயின. நம் தேசத்து நிதி திரட்டுவோர் கவனிக்கத் தக்க முறை இது.

குற்றங்குறையும் சொல்லத்தான் வேண்டும். நம் சமயத்தில் அவருக்கு இருளைத் தவிர வேறொன்றும் தென்படவில்லை. தாசிகளின் குலம் சதிராட்டத்தையும் சங்கீதத்தையும் காத்துவந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. காப்பாற்றிய குழந்தைகளைக் கிறிஸ்தவராகவே வளர்த்தார். ஒரு பெண்ணைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டுமென்று 1911-ல் கோர்ட்டார் தீர்ப்பளித்தபோது, அப்பெண் ஆண் வேஷத்தில் டோனாவூரிலிருந்து அகற்றப்பட்டு, கடல் கடந்து சீனாவரை கொண்டு போகப்பட்டாள். இதைச் சட்டத்தை மீறிய செயலென்று சொல்லலாம்; சத்தியாக்கிரகிகளைப் போல வெளிப்படையாக மீறவுமில்லை. ஆயினும் குழந்தையை அந்த வீட்டுக்கே திருப்பியனுப்பியிருக்க வேண்டுமென்று நம்மில் எத்தனை பேர் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வல்லோம்?

வேறொரு கேள்வியும் நம்மைச் சுடுகிறது. துளசி வனத்தில் கிடந்த பெண் சிசுவை எடுத்து, மகளாக வளர்த்து, நாச்சியாராக ஊர் வணங்கும்படி செய்தவர் பெரியாழ்வார். அந்த ஸ்ரீவில்லிபுத்தூரைப் பெற்ற சீமையில், அநாதைக் குழந்தையை எடுத்து வளர்க்கும் தர்மம் அயர்லாந்திலிருந்தா வர வேண்டியிருந்தது? ஆண்டாள் தன் உள்ளத்தால் அரங்கனை வரித்தாள். ஐந்து வயதுக் குழந்தையின் கழுத்தில் பிறர் பொட்டுக் கட்டுவதற்கும் அதற்கும் மடுவுக்கும் மலைக்குமுள்ள தூரம். வழக்கத்தைத் தாங்கிப் பேசிய வைதிகர் இத்தூரத்தை மறைத்தே பேசினர்.

நம்மவரும் விழிக்காமலில்லை. டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார் 1927-ல் சென்னைச் சட்டசபையில் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-ல் கோயில் ஊழியத்துக்காக விடப்பட்டிருந்த மானிய நிலங்கள் அப்பெண்களுக்கே உரிமையாக வழி பிறந்தது. பின்னர் அவர் அடைக்கலம் தேடிவந்த பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அக்குலத்திலேயே தோன்றிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் கதர் உடுத்தி மேடை மேடையாக முழங்கினார்; 1936-ல் நாவலும் எழுதினார். பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெருங்குளத்துச் சிறுமி ஓடிவந்த நாளிலிருந்து கணக்கிட்டால் 46 ஆண்டுகள்.

1919-ல் சர்க்கார் அம்மையாருக்குக் கெய்சர்-இ-ஹிந்து பதக்கம் அளித்தனர். பஞ்சாபில் ரத்தம் சிந்திய ஆண்டு அது. மறு ஆண்டு காந்தியடிகள் தமக்கிருந்த அதே பெயர்ப் பதக்கத்தைத் திருப்பி அனுப்பினார். அம்மையாருக்கும் அதைப் பெற மனமில்லை. வேண்டியவர்கள் வற்புறுத்தியதால் இசைந்தாரேனும், வழங்கும் விழாவுக்குப் போகவில்லை. அதற்குக் காரணம் தேசபக்தியன்று. தம் எஜமானர் பெறாத மரியாதையைத் தாம் பெறுவது தகாது என்பதே அவர் எண்ணம். தேச விடுதலை இயக்கத்தில் அவர் சேரவுமில்லை. இதை மறைத்து அவரை நம் கட்சிக்காரராக்கிக்கொள்ள நாம் விரும்பவில்லை.

1918 முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார். 1920-களின் நடுவில் மிஷனை விட்டு விலகி, டோனாவூர் ஐக்கியம் என்னும் தனி ஸ்தாபனம் அமைத்தார். அங்கே வெள்ளையரும் இந்தியரும் ஒரே பந்தியில் உண்டு, ஒரே வேலையைச் செய்தனர், சம்பளம் எவருக்குமில்லை. 1931 செப்டம்பர் 24-ந் தேதி களக்காட்டில் புது வேலைக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போனபோது, இருட்டில் ஒரு குழியில் விழுந்து கால் ஒடிந்தது. அதன்பின் ஏறக்குறைய இருபது வருஷம் படுக்கையும் அறையுமே அவர் உலகம். அந்த அறையிலிருந்தே பல நூல்கள் எழுதினார். 1951 ஜனவரி 18-ந் தேதி காலமானார்.

கல்லறைக்குக் கல் நடக்கூடாதென்று முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீர் அருந்தும் ஒரு கல் தொட்டியை வைத்து, அதில் தாங்கள் அவரை அழைத்த பெயரைப் பொறித்தார்கள். ஸ்தாபனம் இந்தியர் பொறுப்பில் டோனாவூரில் நடந்துவருகிறது.