1902-லேயே 50% இடஒதுக்கீடு! யார் இந்த ஷாகு மகாராஜா?

ஆபீஸ் கேன்டீனிலோ வாட்ஸ்அப் குரூப்பிலோ இடஒதுக்கீடு பேச்சு வந்தால் மூன்று கேள்விகள் கட்டாயம் வரும். முதலில் நல்ல படிப்பு கொடுத்தால் போதாதா? தகுதி என்ன ஆகும்? ஒரே சாதிக்காரங்களே எல்லாத்தையும் எடுத்துக்க மாட்டாங்களா?

இந்த மூன்று கேள்விகளையும் 120 வருஷத்துக்கு முன்பே சந்தித்த ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு ராஜா. கோலாப்பூர் சமஸ்தானத்தை ஆண்ட ராஜர்ஷி ஷாகு மகாராஜ்.

யார் இவர்?

1874 ஜூன் 26 அன்று காகல் என்ற ஊரின் காட்கே குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் யஷ்வந்த்ராவ். சத்ரபதி சிவாஜியின் வழிவந்த கோலாப்பூர் அரச குடும்பத்தில் வாரிசு இல்லாததால், 1884-ல் அவரைத் தத்து எடுத்தார்கள். ராஜ்கோட்டிலும் தார்வாடிலும் படித்தார். 1894-ல் ஆட்சிப் பொறுப்பு கைக்கு வந்தபோது வயது 19.

அப்போது சமஸ்தான நிர்வாகம் எப்படி இருந்தது? பொது நிர்வாகத்தில் 71 உயர் பதவிகள். அதில் 60 பேர் பிராமணர்கள். 500 குமாஸ்தா வேலைகளில் பிராமணர் அல்லாதவர்கள் வெறும் 10 பேர். மராத்தாக்கள், லிங்காயத்துகள், ஜைனர்கள், முஸ்லிம்கள், தீண்டத்தகாதவர்கள் என ஒதுக்கப்பட்டவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் அந்த 10. ராஜாவே மராத்தா. ஆனால் ராஜ்ஜியத்தை நடத்தும் அலுவலகங்களில் அவருடைய குடிமக்களில் பெரும்பாலானோருக்கு இடமே இல்லை.

ராஜாவுக்கே நடந்த அவமானம்

1899-ல் ஷாகு பஞ்சகங்கா ஆற்றுக்குக் குளிக்கப் போனார். கூட வந்த புரோகிதர் வேத மந்திரம் சொல்லாமல் புராண மந்திரம் சொன்னார். காரணம் கேட்டதற்கு, சூத்திரர்களுக்கு வேத மந்திரம் கிடையாது என்று பதில் வந்தது. சிவாஜியின் வாரிசுக்கே அந்தப் பதில்! அரண்மனையின் ராஜகுருவும் வேத முறையில் சடங்கு செய்ய மறுத்தார். அவருக்குக் கொடுத்திருந்த மானிய நிலங்களை ஷாகு பறிமுதல் செய்தார். வேதோக்தம் என்று பெயர் பெற்ற இந்தச் சண்டையில் பால கங்காதர திலகர் புரோகிதர்கள் பக்கம் நின்றார்.

அந்தக் கோபத்தில்தான் ஷாகு இடஒதுக்கீடு கொண்டுவந்தார் என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் 71-க்கு 60 என்ற கணக்கு அதற்கு முன்பே அவர் கண் முன்னால் இருந்தது. ராஜாவுக்கே இந்த நிலைமை என்றால் சாதாரண ஆளுக்கு என்ன கதி என்பதை அந்தச் சம்பவம் அவருக்கு அழுத்தமாகக் காட்டியது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

1902 உத்தரவில் என்ன இருந்தது?

ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக ஷாகு இங்கிலாந்து போயிருந்த நேரத்தில், 1902 ஜூலை 26 அன்று அந்த உத்தரவு வெளியானது. இனி காலியாகும் அரசு வேலைகளில் 50% பிற்படுத்தப்பட்டவர்களுக்கு. எந்த அலுவலகத்தில் அவர்கள் பாதிக்கும் குறைவாக இருக்கிறார்களோ, அங்கே அடுத்த நியமனம் அவர்களுக்கே. பிராமணர், பிரபு, ஷென்வி, பார்சி போன்ற முன்னேறிய பிரிவினர் தவிர மற்ற எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். சாதி அடிப்படையிலான வேலை ஒதுக்கீட்டில் இந்தியாவின் முதல் அரசாணை என்று பலரும் குறிப்பிடுவது இதைத்தான்.

பலர் கவனிக்காத இன்னொரு விஷயமும் அதில் உண்டு. ஒவ்வொரு துறைத் தலைவரும் உத்தரவுக்குப் பிறகு செய்த நியமனங்களின் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். உத்தரவு போட்டதோடு விட்டுவிடாமல், அது நடக்கிறதா என்று பார்க்கவும் ஏற்பாடு செய்திருந்தார்.

கேள்வி 1: முதலில் படிப்பு போதாதா?

ஷாகுவின் பதில், ரெண்டும் சேர்ந்துதான் வேண்டும். படிப்பில் மக்கள் பின்தங்கி இருப்பதற்கு, படித்தாலும் வேலை கிடைக்காது என்ற நிலைதான் ஒரு காரணம் என்று அந்த உத்தரவே விளக்கியது. கடைசியில் வேலையே இல்லை என்றால் ஒரு விவசாயி எதற்காக மகனைப் பட்டணத்துக்கு அனுப்புவார்? அதே நேரம், படித்தவர்கள் இல்லாமல் ஒதுக்கீட்டு இடங்களும் நிரம்பாது. அதனால் அவர் ரெண்டு பக்கமும் வேலை செய்தார்.

கிராமத்துப் பையன் கோலாப்பூர் வந்தால் தங்க இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும். சாதி பார்த்துத்தான் ரெண்டும் கிடைத்த காலம் அது. 1901-ல் மராத்தா மாணவர்களுக்கு விக்டோரியா விடுதி. 1906-ல் முஸ்லிம் விடுதி. 1907-ல் லிங்காயத்து விடுதி. 1908-ல் தீண்டத்தகாத மாணவர்களுக்கு மிஸ் கிளார்க் விடுதி. 1917-ல் இலவசக் கட்டாய ஆரம்பக் கல்வி. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு அபராதமும் உண்டு.

கேள்வி 2: தகுதி என்ன ஆச்சு?

திலகரின் கேசரி பத்திரிகை 1902 உத்தரவைக் கடுமையாக விமர்சித்தது. கோலாப்பூர் பக்கம் இன்றும் சொல்லும் கதை ஒன்று உண்டு. சாங்லியிலிருந்து வந்த ஒரு வக்கீல், சாதி பார்க்காமல் தகுதிக்குத்தான் உதவித்தொகை தர வேண்டும் என்று வாதாடினாராம். ஷாகு அவரைக் குதிரை லாயத்துக்குக் கூட்டிப்போய், எல்லாக் குதிரைக்கும் சேர்த்து ஒரே இடத்தில் தீனி கொட்டச் சொன்னாராம். பலமான குதிரைகள் முண்டியடித்துத் தின்றன. நோஞ்சான்களும் குட்டிகளும் ஓரமாக நின்றன. கதை நிஜமோ இல்லையோ, அவர் நினைத்தது இதுதான்: தகுதியைச் சோதிக்கும் முன் எல்லோருக்கும் தீனி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

1912 கணக்குப்படி உயர் பதவிகள் 95. அதில் பிராமணர்கள் 35 பேர். பத்தே வருஷத்தில் நடந்த மாற்றம் இது.

கேள்வி 3: எல்லாம் ஒரே சாதிக்கா?

இதுதான் கஷ்டமான கேள்வி. பிற்படுத்தப்பட்டோர் என்ற ஒரே பட்டியலில் நிலம் வைத்திருந்த மராத்தாவும் இருந்தார், கிணற்றைத் தொடக்கூட முடியாத மகரும் இருந்தார். 1902 உத்தரவில் உள் ஒதுக்கீடு எதுவும் இல்லை. அந்த வித்தியாசத்தை ஷாகு பிறகு தனித்தனி நடவடிக்கைகளால் ஈடுகட்டப் பார்த்தார். தீண்டத்தகாதவர்களுக்கெனத் தனியாக இருந்த பள்ளிகளை 1919-ல் மூடி, அந்தப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்க்கச் சொன்னார். கங்காராம் காம்ப்ளே என்ற தலித் நடத்திய டீக்கடையில் யாரும் டீ குடிக்க வராதபோது, வண்டியை நிறுத்தி அங்கே டீ வாங்கிக் குடித்தார். 1920 மார்ச்சில் மாண்காவ் மாநாட்டுக்கு வந்து, இளைஞராக இருந்த அம்பேத்கரை மக்களின் தலைவர் என்று அறிமுகப்படுத்தினார். அம்பேத்கரின் மூக்நாயக் பத்திரிகைக்குப் பணமும் கொடுத்தார்.

ஆனாலும் இந்தச் சிக்கல் அவரோடு முடியவில்லை. மராத்தாக்களுக்கான தனி ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 2021-ல் ரத்து செய்தது. 2024-ல் மகாராஷ்டிரா மறுபடியும் சட்டம் போட்டது. ஷாகுவின் பட்டியலில் இருந்த ஒரு சமூகம் இன்றும் பின்தங்கியதுதானா என்பதே அந்த வழக்குகளின் மையம்.

அன்று குறைந்தபட்சம், இன்று அதிகபட்சம்

1921-ல் மைசூர் சமஸ்தானமும், சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி அரசும் இதே பாதையில் உத்தரவுகள் போட்டன. அடுத்த வருஷம், 1922 மே 6 அன்று ஷாகு பம்பாயில் இறந்தார். வயது 47. அவர் பிறந்த ஜூன் 26-ஐ மகாராஷ்டிரா சமூக நீதி நாளாகக் கொண்டாடுகிறது.

50% என்ற எண்ணை இன்று நாம் வேறு அர்த்தத்தில் கேட்கிறோம். 1992 இந்திரா சஹானி தீர்ப்புக்குப் பிறகு அது உச்சவரம்பு, பொதுவாக அதற்கு மேல் போகக் கூடாது. நம்ம ஊர் 69% பற்றிய விவாதமும் அதனால்தான். ஷாகுவுக்கு அது குறைந்தபட்சம், அதற்குக் கீழே எந்த அலுவலகமும் இருக்கக் கூடாது. அடுத்த முறை சதவீதத்தைப் பற்றிச் சண்டை வந்தால், அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்ட கணக்கையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்: ஒதுக்கிய இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கிறது?